பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டறை: லேப் அமைப்போருக்குச் சிக்கனக் குறிப்புகள்

உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் 3டி பிரிண்டர், லேசர் கட்டர், படம் வரைகிற கம்ப்யூட்டர் எல்லாம் வரப்போகிறதா? சந்தோஷம்! 2016-ல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இப்படி ஒரு கூடம் கிடைத்துவிட்டது. அடுத்த 5 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தாயிற்று. லேப் நடத்துவதும் சமையலறை நடத்துவதும் ஒன்றுதான் தோழிகளே: அடுப்பை ஒருமுறை வாங்கினால் போதும், மளிகை மாதாமாதம் வேண்டும். மெஷின் வாங்குகிறபோது இருக்கிற உற்சாகம் மளிகைக் கணக்கிலும் இருந்தால் லேப் பூட்டிக் கிடக்காது. பெற்றோர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர் எல்லோருக்கும் கைகொடுக்கும் சில யோசனைகள் இதோ.

1. அடல் லேப் உதவித்தொகை அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் அமைக்க, மீதி 10 லட்சம் 5 ஆண்டு வரை நடத்த. நடத்துகிற பணத்தை 60 மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் பதினாறாயிரத்துச் சொச்சம்தான் வரும். அந்தத் தொகையை எழுதி பீரோ கதவில் ஒட்டி வையுங்கள், கை தானாகச் சுருங்கும்.

2. உதவித்தொகை வரவில்லையா, கவலை வேண்டாம். கத்தரி, கட்டர், அட்டை, பசை முதலில், அப்புறம் ஸ்டிக்கர் கட்டர், அடுத்து ஒரு 3டி பிரிண்டர், கடைசியில்தான் லேசர். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளைகள் கையில் ஏதாவது வேலை இருக்கும்.

3. முன்னாள் மாணவர்களிடம் 'லேப்புக்கு நன்கொடை' என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். 'இரண்டு சோல்டரிங் அயன், ஒரு வெர்னியர் காலிப்பர், நாலு எம்.டி.எஃப். ஷீட்' என்று சாமான் பெயரோடு கேளுங்கள், உடனே வரும். பெரிய தொகை தருகிறவர் கிடைத்தால், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாக வாங்கிக்கொள்வது கணக்குக்கும் நல்லது.

4. அடல் லேப் விதிப்படி சமவெளியில் 1,500 சதுர அடி, மலைப்பகுதியில் 1,000 சதுர அடி இடம் வேண்டும். அவ்வளவு பெரிய ஒரே அறை இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகள் இரண்டு கேளுங்கள். உண்மையில் அதுதான் வசதி: ஒன்றில் அறுக்கிற, துளைக்கிற தூசி வேலை, மற்றதில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும்.

5. பிளக் பாயின்ட்டை மேஜைக்கு மேலே, இடுப்பு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தரையோரம் வைத்தால் எக்ஸ்டென்ஷன் வயர் காலில் தடுக்கும், பெருக்குகிற அம்மாவுக்கும் தொல்லை.

6. எலக்ட்ரீஷியனிடம் எர்த்தை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்ன பிறகே லேசர் மெஷினை ஆன் செய்யுங்கள். கண்ணாடிக் குழாய் வைத்த சி.ஓ.2 லேசர் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் ஓடுகிறது. எர்த் இல்லாமல் அதைத் தொடுவது விளையாட்டு இல்லை. இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

7. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை மின்வாரியம் முன்கூட்டியே பேப்பரில் போடும். அதை லேப் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிட்டு, அன்றைக்கு அட்டை வேலை, ஓவியம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர 3டி பிரின்ட் ஐந்தாம் மணியில் நின்றுபோகிற வயிற்றெரிச்சல் மிச்சம்.

8. உடைந்த பெஞ்சுகளை ஏலத்தில் விடுமுன் தச்சரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு பெஞ்சின் கால்களில் ஒரு பழைய கதவைப் பூட்டினால் நின்றுகொண்டு வேலை செய்ய அருமையான மேஜை. லேப்பில் நாற்காலி குறைவாக இருப்பதே நல்லது. உட்கார்ந்தால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

9. விலை கூடின ஒரு பெரிய பிரிண்டரைவிட ஒரே மாடலில் இரண்டு சின்னது வாங்குங்கள். ஒன்று மக்கர் செய்தால் மற்றது ஓடும், உதிரி பாகமும் இரண்டுக்கும் பொது.

10. சில கம்பெனி பிரிண்டர்கள் அவர்களுடைய சிப் வைத்த ஃபிலமென்ட்டை (பிளாஸ்டிக் இழைச் சுருளை) மட்டுமே ஏற்கும். மெஷின் மலிவாகத் தெரியும், சுருள் விலை முதுகை ஒடிக்கும். 'எந்தக் கம்பெனியின் 1.75 மி.மீ. ஃபிலமென்ட்டும் போடலாமா?' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள்.

11. அரசுப் பள்ளி என்றால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் விலை பாருங்கள், தனியார் பள்ளி என்றால் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே மூன்று கேள்விகள்: பொருத்திக் கொடுப்பது விலையில் அடக்கமா, பயிற்சி எத்தனை நாள், ரிப்பேருக்கு ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்? மூன்றாவது கேள்விக்கு மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

12. மெஷின் வாங்குகிற பில்லோடேயே உதிரிகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்: 0.4 மி.மீ. பித்தளை நாஸில் பத்து, பெல்ட் ஒன்று, லேசருக்கு ஒரு லென்ஸ், ஸ்டிக்கர் கட்டருக்கு நாலு பிளேடு. நாஸில் அடைத்துக்கொண்டால் அரை நாள் குத்திக்கொண்டு இருப்பதைவிட மாற்றிவிடுவது லாபம்.

13. ஸ்டிக்கர் கட்டர் என்பது வேறொன்றும் இல்லை, பைக்குக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் இருக்கிற அதே மெஷின்தான். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்வாருங்கள். பிளேடை எவ்வளவு இறக்கினால் மேல் தாள் மட்டும் வெட்டுப்படும் என்பதை அவர் காட்டுகிற மாதிரி எந்தப் புத்தகமும் காட்டாது.

14. 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் பல வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. கேட்டு வாங்கி, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் ஓடும். படம் வரைய, ஸ்க்ராட்ச் கற்க, பிரிண்டருக்கு ஃபைல் அனுப்ப இது போதும்.

15. பழைய கம்ப்யூட்டர் ஆமை வேகமா? புதிது வாங்குமுன் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள், கூடவே ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள்.

16. மென்பொருளுக்குக் காசே வேண்டாம். ஓவியத்துக்கு க்ரிதா, கோட்டுப் படத்துக்கு இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு கிம்ப், ஒலிக்கு ஆடாசிட்டி, 3டி-க்கு பிளெண்டர்: எல்லாம் இலவசம், திருட்டு நகல் என்ற பயமும் இல்லை. 'இலவசம்தானே, சுமாராகத்தான் இருக்கும்' என்று முகம் சுளிப்பவர்களிடம் சொல்லுங்கள்: 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாத்வியா நாட்டு அனிமேஷன் படம் 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்தது. ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளும் 2016 முதல் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசம்.

17. புது பிளெண்டர் பழைய கம்ப்யூட்டரில் திறக்க மறுக்கும். அதன் தளத்திலேயே பழைய பதிப்புகளும் இருக்கின்றன, ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புக்கு 3டி வரைய டிங்கர்கேட் போதும், அதுவும் பிரவுசரிலேயே ஓடும். ஆசிரியர் ஒரு வகுப்பு திறந்து அதன் குறியீட்டைக் கொடுத்தால் பிள்ளைகள் ஈமெயில் முகவரி இல்லாமலே நுழையலாம்.

18. கணக்கில் சுட்டியான பிள்ளைக்கு ஓப்பன்ஸ்கேட் காட்டுங்கள். அதில் மௌஸால் வரைவதில்லை. 'நீளம் 40, அகலம் 20' என்று எழுதினால் உருவம் வருகிறது. இன்டர்நெட்டும் தேவையில்லை.

19. எல்லா மென்பொருளின் இன்ஸ்டாலரையும் ஒரு பென் டிரைவில் போட்டு, பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். ஒரு கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்கிற நாளில்தான் நெட் படுத்துக்கொள்ளும்.

20. அனிமேஷனுக்குக் கேமரா வாங்க வேண்டாம், ஒரு மொபைலும் அதை அசையாமல் பிடிக்க பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. பைப்பில் ஒரு ஸ்டாண்டும் போதும். விநாடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் 10 விநாடிப் படத்துக்கு 120 போட்டோ. ஒரு பீரியடில் ஒரு குழுவால் முடிக்க முடியும். களிமண் பொம்மை, பொத்தான், புளியங்கொட்டை எல்லாமே நடிக்கும்!

21. வெள்ளை சார்ட் அட்டையைச் சுவரிலிருந்து மேஜைக்கு மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டினால் பின்னணி ரெடி. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள், நிழல் மென்மையாகும். குரல் பதிவு செய்யும்போது தலைக்கு மேல் ஒரு கனத்த போர்வை போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி போய்விடும், பிள்ளைகளுக்குச் சிரிப்பும் இலவசம்.

22. பள்ளி ஆபீஸில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், லேப் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெட்ட அனுப்புமுன் இங்க்ஸ்கேப்பில் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் லேசர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும்.

23. தமிழில் ஸ்டென்சில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம். வ, ல, ன, ண என்று நம் எழுத்தில் சுழி அதிகம். அப்படியே வெட்டினால் சுழியின் நடு வட்டம் உதிர்ந்து, ஸ்ப்ரே அடித்ததும் வெறும் பொட்டாக விழும். ஒவ்வொரு சுழியிலும் நடு வட்டத்தை வெளித்தகட்டோடு சேர்க்க 2 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் விட்டு வரையுங்கள். இங்க்ஸ்கேப்பில் எழுத்தின் மேல் ஒரு மெல்லிய செவ்வகம் வைத்து, எழுத்திலிருந்து அதைக் கழித்தால் பாலம் தயார்.

24. முதல் பாடத்துக்கு எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம், கோலம்! ஸ்க்ராட்சில் பேனாவைக் கொடுத்து, 'இவ்வளவு தூரம் நட, இத்தனை டிகிரி திரும்பு, நாலு முறை செய்' என்றால் சிக்குக்கோலம் வந்துவிடும். அதையே இங்க்ஸ்கேப்பில் சுத்தப்படுத்தி, மெல்லிய ஷீட்டில் லேசரில் துளையிட்டால் கோல அச்சு. மார்கழிக்கு முன் வெட்டினால் தெருவே வாங்கும். 'இதெல்லாம் படிப்பா?' என்று கேட்கிற தாத்தாவுக்கும் பதில் உண்டு: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டவர்கள். பாட்டிமார்களைக் கூப்பிட்டு, புள்ளி வைக்கச் சொல்லி, பிள்ளைகளை நிரல் எழுதவைத்துப் பாருங்கள், அந்த வகுப்பில் யாரும் மணி அடிக்கக் காத்திருக்க மாட்டார்கள்.

25. ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைத்தால் நாலாம் நாள் யாருக்கும் புரியாது. வகுப்பு, பெயர், தேதி என்று ஒரே வரிசை பழக்குங்கள். மெமரி கார்டில் போடுகிற ஃபைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்திலேயே பெயர். பல பிரிண்டர் திரைகள் தமிழைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டும்.

26. பி.எல்.ஏ. ஃபிலமென்ட் கிலோ ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், அதாவது ஒரு கிராம் ஒரு ரூபாய். பிரின்ட் போடுமுன் ஸ்லைசர் மென்பொருளே எத்தனை கிராம், எத்தனை மணி என்று காட்டிவிடும். அந்த எண்ணைப் பிள்ளையே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும் என்று வையுங்கள், வேண்டாத பொம்மைகள் பாதி குறைந்துவிடும்.

27. உள்ளே நிரப்பு 15 சதவீதம் போதும், பார்வைக்கு வைக்கிற பொருளுக்கு அதற்கும் கீழே போகலாம். அந்தரத்தில் தொங்குகிற பாகத்துக்குப் பிரிண்டர் முட்டுக் கொடுக்கும். அதுவும் பிளாஸ்டிக்தான், குப்பைக்குத்தான் போகும். பொருளைப் புரட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள், பாதி நேரம் முட்டே தேவைப்படாது.

28. தட்டையான எதையும் 3டி பிரின்ட் செய்யாதீர்கள். பெயர்ப்பலகை, டப்பா, படச்சட்டம் எல்லாம் லேசரில் நிமிடக் கணக்கு, பிரிண்டரில் மணிக்கணக்கு.

29. கடலோர ஊர்க்காரர்களே, மழைக்காலத்தில் பிரின்ட் மேல் நூல் நூலாகத் தொங்குகிறதா, நாஸிலில் படபடவென்று பொரிகிற சத்தமா? ஃபிலமென்ட் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பி.எல்.ஏ. என்றால் 45 முதல் 50 டிகிரி சூட்டில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தினால் பழையபடி ஆகிவிடும். அதற்கென்று விற்கிற உலர்த்துப் பெட்டி இல்லாவிட்டால், பிரிண்டரின் சூடேறும் தட்டின் மேலேயே சுருளை வைத்து அட்டைப் பெட்டியால் மூடி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். கேக் சுடுகிற அவனில் மட்டும் வைக்காதீர்கள். அதில் குறைந்த சூடு நிதானமாக நிற்பதில்லை, சுருள் முழுக்க ஒரே கட்டியாகிவிடும்.

30. உலர்ந்த சுருளை ரப்பர் வளையம் வைத்து இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறம் கேட்டு வாங்குங்கள். எந்த நிறமானாலும் சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது.

31. பிரின்ட் தட்டில் ஒட்டாமல் கிளம்புகிறதென்றால் பத்தில் எட்டு முறை காரணம் விரல் எண்ணெய். பாத்திரம் தேய்க்கிற சோப்பால் தட்டைக் கழுவித் துடையுங்கள். அப்படியும் அடம் பிடித்தால் பிள்ளைகளின் குளூ ஸ்டிக்கையே மெல்லிசாகத் தேய்த்துவிடலாம்.

32. முதல் அடுக்கு முடிகிறவரை பக்கத்திலேயே நில்லுங்கள். அது சரியாகப் படிந்தால் பெரும்பாலும் மீதியும் சரியாக வரும்.

33. 'பி.எல்.ஏ. சோளத்திலிருந்து வருகிறது, மக்கிவிடும்' என்று தோட்டத்தில் புதைக்காதீர்கள். தொழிற்சாலை உரக்கூடத்தின் சூட்டில்தான் அது மக்கும். எரிக்கவும் வேண்டாம். கெட்டுப்போன பிரின்ட்டுகளை நிறவாரியாகச் சேர்த்து வைத்தால் ஓவிய ஆசிரியர் சுவர்ப்படம் ஒட்ட எடுத்துக்கொள்வார்.

34. எட்டுக்கு நாலு ஷீட் வாங்கினால் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்டோ வாடகை மிச்சம். ஆனால் அடிக் கணக்கில் அறுக்கச் சொல்லாதீர்கள்: இரண்டு அடி என்பது 610 மி.மீ., உங்கள் லேசர் படுக்கை 600 மி.மீ. என்றால் ஒரு விரல்கடை இடிக்கும். முழு ஷீட் 2440-க்கு 1220 மி.மீ.; 600-க்கு 400 துண்டாகக் கேட்டால் ரம்பம் தின்பது போகச் சரியாகப் பன்னிரண்டு வரும்.

35. 3 மி.மீ. என்று விற்கிற எம்.டி.எஃப். சில சமயம் 2.7 தான் இருக்கும். புது ஷீட் வந்ததும் வெர்னியரில் அளந்து மூலையில் பென்சிலால் எழுதிவிடுங்கள். 2.6, 2.7, 2.8 என்று வெவ்வேறு அகலத்தில் வெட்டு விட்ட ஒரு சீப்பை அதே ஷீட்டில் வெட்டி, எந்தப் பள்ளத்தில் துண்டு இறுகப் பிடிக்கிறது என்று பார்த்தால் பசை இல்லாமலே டப்பா பொருந்தும்.

36. ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் மழைக்காலத்தில் வளைந்துகொள்ளும். படுக்கப் போட்டு மேலே பழைய பைண்டு புத்தகங்களை ஏற்றுங்கள்.

37. இது எல்லாவற்றையும்விட முக்கியம். திருமண வரவேற்பு, திருவிழா என்று ஊரெல்லாம் கிடைக்கிற ஃப்ளெக்ஸ் பேனர், ரெக்சின், வினைல் ஸ்டிக்கர், தண்ணீர் பைப் எல்லாமே பி.வி.சி.; 'சும்மா கிடக்கிறதே, லேசரில் வெட்டலாம்' என்று தோன்றும். வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நெஞ்சையும் எரிக்கும், மெஷினின் இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். (ஸ்டிக்கர் கட்டர் கத்தியால் வெட்டுகிறது, சூடு இல்லை, அதில் வினைல் போடலாம்.) இன்னது என்று தெரியாத பிளாஸ்டிக் வந்தால் ஆசிரியர் மட்டும் வெட்டவெளியில் ஒரு சோதனை செய்யலாம்: செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அனுமதித்த பொருள்களின் பட்டியலை மெஷின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்: எம்.டி.எஃப்., பிளைவுட், அக்ரிலிக், அட்டை, பருத்தித் துணி. தெர்மாகோல் அந்தப் பட்டியலில் கிடையாது, அது குப்பென்று பற்றிக்கொள்ளும்.

38. லேசர் ஓடுகிறபோது டீ குடிக்கப் போகக் கூடாது, ஒரு நிமிஷம் என்றாலும் நிறுத்திவிட்டுப் போங்கள். தீயணைப்பானில் சி.ஓ.2 வகை வாங்குங்கள். பவுடர் வகையும் தீயை அணைக்கும், ஆனால் லென்ஸ், மோட்டார் எல்லாவற்றிலும் பவுடர் புகுந்து மெஷினையே அரித்துவிடும்.

39. லேசர் குழாயைக் குளிர்விக்க போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்பு படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகிவிட்டால், பாட்டிலில் உறைந்த தண்ணீரை மூடி இறுக்கி அந்தத் தொட்டியில் மிதக்கவிடலாம். ஐஸை நேராகக் கொட்டக் கூடாது.

40. புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். சத்துணவுக் கூடம், அடுத்த வகுப்பு ஜன்னல் இரண்டின் பக்கமும் கூடாது. கூரைக்கு மேலே ஏற்றிவிடுவது உத்தமம்.

41. வெட்டிய அக்ரிலிக்கை தின்னர், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல் விடும். மேல் தாள் உரியாவிட்டால் சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். எம்.டி.எஃப்.பையோ தண்ணீரில் ஊறவிடக் கூடாது. ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்துப் பெயின்ட் அடித்தால் பெயின்ட் பாதிதான் செலவாகும்.

42. கெட்டுப்போன டி.வி.டி. டிரைவ், பழைய பிரிண்டர் இரண்டையும் எடைக்குப் போடாதீர்கள். மோட்டார், பல்சக்கரம், வழவழப்பான இரும்புக் கம்பி, குட்டி ஸ்க்ரூ என்று ஒரு மாதத்துக்கான சாமான் உள்ளேயே இருக்கிறது. டி.வி.டி.யில் இருக்கிற லேசர் கண்ணை மட்டும் தனியே எடுத்து ஆசிரியர் வைத்துக்கொள்ள வேண்டும், அது பார்வையைக் கெடுக்கும்.

43. பிள்ளைகள் பிரிக்கவே கூடாதவை: பெரிய பின்புறம் வைத்த பழைய டி.வி., மைக்ரோவேவ் அவன், உப்பிப்போன மொபைல் பேட்டரி. முதல் இரண்டும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

44. சாதாரண சோல்டர் கம்பியில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடக் கூடாது என்று வாசலிலேயே எழுதுங்கள். புகையை இழுக்க பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை எதிரே வைத்தால் போதும், காசு ஆகாது.

45. எல்.இ.டி. எரியவைக்கிற காசு பேட்டரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வீட்டில் சின்னத் தம்பி தங்கை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. காப்பர் டேப் தீர்ந்துவிட்டால் அலுமினியத் தாளைக் கீற்றாக வெட்டி அட்டையில் ஒட்டியும் சர்க்யூட் போடலாம்.

46. மெஷின் எதுவும் காலியாக இல்லாதபோது சைக்கிள் வால்வ் டியூப்பும் தீக்குச்சியும் எடுத்து வையுங்கள். டியூப்பைத் துண்டு போட்டு முனையில் செருகினால் முக்கோணம், கனசதுரம், பாலம் எல்லாம் நிற்கும். 1970-களில் ஹோஷங்காபாத் பள்ளிகளோடு வேலை செய்தபோது அரவிந்த் குப்தா பரப்பிய வித்தை இது. குப்பையிலிருந்து பொம்மை செய்கிற அவருடைய புத்தகங்கள் தமிழிலும் இருக்கின்றன.

47. பிளைவுட் பலகையில் ஆணி அடித்து டூல்களை மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் மார்க்கரால் சுற்றி வரைந்துவிடுங்கள். சாயங்காலம் பூட்டுமுன் ஒரு பார்வை பார்த்தால் எந்த இடுக்கி காணோம் என்று தெரிந்துவிடும், யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

48. டிரில் மெஷின் பக்கம் போகிறவர்கள் பின்னலைக் கொண்டையாகக் கட்டி, துப்பட்டாவைப் பின் குத்தி, வளையலைக் கழற்றிவிட்டுப் போகட்டும். கண்ணாடி கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம். சுழல்கிற முனை நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

49. துடைக்க டிஷ்யூ வாங்காதீர்கள், திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். மெஷினை மூட பழைய நூல் புடவை போதும், சூடு ஆறிய பிறகு போர்த்துங்கள். லேப்பில் தின்பண்டம் கூடவே கூடாது: எறும்பு வந்தால் பல்லி வரும், பல்லி வந்தால் ஒருநாள் பவர் சப்ளைக்குள் புகுந்து தானும் செத்து மெஷினையும் நிறுத்தும்.

50. மெஷின் தெரிந்தவரைத் தேடி அலையுமுன் உங்கள் ஊரில் கை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்: தச்சர், தையல்காரர், நகை செய்கிற ஆசாரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. ஆசிரியர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷென்ஃபெல்ட் தொடங்கிய, இதே போன்ற பட்டறையான ஃபேப் லேப் 2002-ல் கடல் தாண்டி முதலில் வந்திறங்கிய இடமே புனே பக்கத்தில் பாபல் என்ற கிராமம்தான். அங்குள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் 1983 முதலே பிள்ளைகள் கையால் செய்து கற்றுக்கொண்டிருந்தார்கள். மெஷின் பிறகுதான் வந்தது.

51. ஒரே ஆசிரியரை நம்பினால் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்த அன்றே லேப்புக்குப் பூட்டு. ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேரைத் தயார் செய்து, ஆறாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுக்க வையுங்கள். கேரளத்தில் 2018-ல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் குழுக்கள் ஓடுவது பிள்ளைகளை நம்பித்தான்.

52. ஆண்டு விழாவில் சாவிக்கொத்து, கோல அச்சு, பெயர்ப்பலகை விற்று வருகிற பணத்தை ஃபிலமென்ட் கணக்கில் போடுங்கள். இணையத்தில் இறக்கிய வடிவம் என்றால் விற்பனைக்கு அனுமதி உண்டா என்று உரிமக் குறிப்பைப் பாருங்கள். பிள்ளைகளே வரைந்ததை விற்றால் அந்தத் தலைவலியே இல்லை.

53. கோடை விடுமுறைக்குப் பூட்டுமுன்: பிரிண்டரிலிருந்து ஃபிலமென்ட்டை உருவி டப்பாவில் போடுங்கள், லேசர் தொட்டித் தண்ணீரை வடித்துவிடுங்கள், ரிமோட், மல்டிமீட்டர் பேட்டரிகளைக் கழற்றுங்கள், எலி நுழைகிற ஓட்டையை அடையுங்கள். ஜூனில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலையும் அன்றே எழுதி தலைமை ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டால் முதல் வாரமே மெஷின் ஓடும்.